பேராசிரியர் டெய்ட் தோற்கவேயில்லை

கால்ஃப் பந்தின் சுழற்சியைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருக்கும் கட்டுரையைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் பிழையோடு நிற்கவில்லை. பிழையைப் பாடமாக்கிப் பழகுநர்களுக்கு அறிவுரையும் சொல்லியிருக்கிறார். நூறு வருடங்களுக்கு முன்பே தீர்ப்பாகிவிட்ட வழக்கைத் தோண்டியெடுத்து, தோற்ற கட்சி வென்றதாக அறிவிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருக்கிறது.

அவர் சொல்வதை நேர்மையாகவே தொகுத்துத் தருகிறேன். பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதை அடிப்பவரின் வலிமை மட்டுமே தீர்மானிக்கிறது. சுழற்சி என்பது தப்பாக அடித்தவனுக்குக் கிடைக்கும் தண்டனை. பந்தை வலப்பக்கமோ இடப்பக்கமோ இழுத்துக் கெடுப்பதைத் தவிர அதற்கு வேலை கிடையாது. சுத்தமாக அடிபட்ட பந்து சுழலவே சுழலாது. சுழன்றாலும் முன்னோக்கித்தான் சுழலும். பந்தின் மேலுள்ள குழிகள் கம்பெனிகளின் வியாபாரத் தந்திரம். இயற்பியல் படித்தவர்களின் பேச்சைக் கேட்டால் ஆட்டம் உருப்படாது. கடைசியாகச் சொன்னதற்கு அவர் ஒரு கதையைச் சான்றாகக் கொண்டுவருகிறார். அவருடைய கட்டடம் முழுவதும் அந்தக் கதையின் மேல்தான் நிற்கிறது என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கதை இது. பீட்டர் கத்ரி டெய்ட் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர், கால்ஃப் பித்தர். கால்ஃப் பந்து காற்றில் சுமார் 190 கெஜத்துக்கு மேல் பறக்கவே முடியாது என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவருடைய மகன் ஃப்ரெடி, 1893 ஜனவரியில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஒரே அடியில் பந்தை 250 கெஜம் காற்றிலேயே பறக்கவிட்டார். அப்பாவின் கணக்கு பொய்த்தது. மகனின் புஜம் வென்றது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கால்ஃப் கிளப்புகளில் மாலை நேரத்தில் இதைச் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். ஆனால் கட்டுரை எழுத உட்காருகிறவர் சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு கேள்வியாவது கேட்டிருக்க வேண்டாமா? அந்தக் கணக்கு எந்தப் பந்துக்குப் போட்ட கணக்கு?

சுழலாத பந்துக்குப் போட்ட கணக்கு. கட்டுரையாளர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த இடம் இதுதான். அடிபட்ட பந்தின் வேகம், காற்றின் எதிர்ப்பு, புவியீர்ப்பு ஆகிய மூன்றை மட்டும் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் வரும் என்று டெய்ட் கணக்கிட்டார். வந்த விடை மைதானத்தில் அவர் கண்ணால் கண்டதோடு பொருந்தவில்லை. நல்ல ஆட்டக்காரர்களின் பந்து அதைவிடத் தூரம் போயிற்று. அதைவிட முக்கியமாக, பந்து ஏறக்குறைய ஆறு விநாடி காற்றில் நின்றது. சுழலாத பந்துக்கு எவ்வளவு வேகத்தைக் கொடுத்துப் பார்த்தாலும் அந்தத் தூரமும் அந்த நேரமும் ஒருசேர வரவில்லை. ஆகவே பந்தைக் கீழிருந்து வேறேதோ ஒன்று தாங்கிப் பிடிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். அது பந்தின் பின்சுழற்சி. மேற்பாகம் அடித்தவரை நோக்கியும் அடிப்பாகம் இலக்கை நோக்கியும் உருளும் சுழற்சி.

இதை அவர் கண்டுகொண்டது மகனின் அந்தப் புகழ்பெற்ற அடிக்கு முன்பு. அதாவது 1893இல் ஃப்ரெடி அடித்த பந்து அப்பாவின் கண்டுபிடிப்பைப் பொய்யாக்கவில்லை. அதற்குச் சாட்சி சொன்னது. டெய்ட் அத்தோடும் விடவில்லை. பந்தோடு ஒரு நீண்ட நாடாவை இணைத்து, மறுமுனையைக் கட்டிவைத்து, பந்தை அடிக்கச் செய்து, நாடாவில் எத்தனை முறுக்கு ஏறியிருக்கிறது என்று எண்ணினார். பந்து எத்தனை முறை சுழன்றது என்பதற்கு அதைவிட எளிய சாட்சியம் கிடையாது. கேமராவும் ராடாரும் இல்லாத காலத்தில், ஒரு துண்டு நாடாவைக் கொண்டு அவர் அளந்ததைத்தான் இன்று லட்சக்கணக்கில் விலையுள்ள கருவிகள் உறுதி செய்கின்றன. இப்படிப்பட்ட மனிதரைத்தான் நம் கட்டுரையாளர் ஏட்டுச் சுரைக்காய் என்கிறார்.

அவருக்கு டெய்ட் வேண்டாம், பழைய நாடாவும் வேண்டாம் என்றால், இன்றைய எண்களையே எடுத்துக்கொள்வோம். பிளஸ் டூ மாணவர்கூட இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் பி.ஜி.ஏ. தொழில்முறை ஆட்டக்காரர்களின் டிரைவர் மட்டை அடிகளை டிராக்மேன் ராடார் அளந்து தந்திருக்கும் சராசரி இது: பந்து கிளம்பும் வேகம் விநாடிக்குச் சுமார் 75 மீட்டர், கிளம்பும் கோணம் ஏறக்குறைய 11 பாகை, பின்சுழற்சி நிமிடத்துக்கு 2,700 சுற்றுக்கு அருகில். பந்து தரையைத் தொடுமுன் காற்றில் கடக்கும் தூரம் சுமார் 250 மீட்டர்.

இப்போது கட்டுரையாளரின் உலகத்துக்குப் போவோம். அங்கே சுழற்சிக்கு மதிப்பில்லை. அவருக்குச் சாதகமாக, காற்றின் எதிர்ப்பையும் நீக்கிவிடுவோம். வெற்றிடத்தில் எறியப்பட்ட பொருளுக்கான பாடப்புத்தகச் சூத்திரத்தில் அதே வேகத்தையும் அதே கோணத்தையும் இட்டால் தூரம் சுமார் 210 மீட்டர். பறக்கும் நேரம் மூன்று விநாடிக்கும் சற்றுக் குறைவு. எட்டும் உயரம் பத்து மீட்டர். ஆனால் மைதானத்தில் நடப்பது வேறு. பந்து 250 மீட்டர் போகிறது, ஆறு விநாடிக்கு மேல் காற்றில் நிற்கிறது, ஏறக்குறைய முப்பது மீட்டர் உயரத்துக்கு எழுகிறது.

இந்த இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்று என்பது பந்தைத் தடுக்கிற பொருள். முழுவேகத்தில் கிளம்பும் பந்தின் மேல் காற்று செலுத்தும் இழுவை, பந்தின் எடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும், காற்றே இல்லாத இடத்தில் போவதைவிடக் காற்றுக்குள் பந்து நாற்பது மீட்டர் கூடுதலாகப் போகிறது. மூன்று மடங்கு உயரம் எழுகிறது. வலிமை இரண்டு இடத்திலும் ஒன்றே. வேகம் ஒன்றே. கோணம் ஒன்றே. வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கட்டுரையாளர் சொல்லட்டும். புஜபலம் பந்தை விட்டு மட்டை விலகிய பிறகும் கூடவே பறந்து வந்து தூக்கிவிடுகிறது என்று அவர் சொல்வாரானால், கேழ்வரகில் நெய் வடிகிறது என்பதையும் நாம் நம்பத் தயாராக வேண்டும்.

உண்மையில் நடப்பது இது. பின்சுழற்சியோடு போகும் பந்தின் மேற்புறம், தன்னைக் கடந்து பின்னே ஓடும் காற்றின் திசையிலேயே நகர்கிறது. அதனால் மேலே ஓடும் காற்று பந்தின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நெடுநேரம் வந்து, தாமதமாகப் பிரிகிறது. அடிப்புறம் காற்றை எதிர்த்து நகர்வதால் கீழே ஓடும் காற்று சீக்கிரமே பிரிந்துவிடுகிறது. விளைவாக, பந்தின் பின்னால் போகும் காற்றோட்டம் மொத்தமாகக் கீழ்நோக்கி வளைகிறது. பந்து காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று பந்தை மேலே தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, வேறெந்த மாயமும் இல்லை. 45.93 கிராமுக்கு மேற்படாத பந்துக்கு, டிரைவர் அடியின் முதல் கணங்களில் இந்தத் தூக்குவிசை அதன் எடையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பந்து கிளம்பிய கொஞ்ச நேரத்துக்கு அதன் பாதை கீழே வளையாமல் மேல்நோக்கி வளைவதற்குக் காரணம் அதுதான். எறிந்த கல் எதுவும் அப்படிப் போகாது.

இது கால்ஃபுக்கென்று யாரோ புனைந்த கோட்பாடும் இல்லை. சாய்த்துப் பிடித்த மட்டையால் அடித்த டென்னிஸ் பந்து வளைந்து போவதை நியூட்டன் 1672இலேயே குறித்திருக்கிறார். 1742இல் பெஞ்சமின் ராபின்ஸ் துப்பாக்கிக் குண்டுகளின் விலகலுக்குச் சுழற்சியைக் காரணம் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெர்லினில் மேக்னஸ் அதைச் சோதனைச் சாலையில் செய்து காட்ட, விளைவுக்கு அவர் பெயரே நிலைத்தது. எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சன் 1910இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கால்ஃப் பந்தின் பறத்தலைப் பற்றியே உரை நிகழ்த்தினார். நோபல் பரிசு பெற்றவர் மெனக்கெட்டுப் பேசிய விஷயத்தை ஒற்றை வரியில் தள்ளிவிடும் உரிமை நம் கட்டுரையாளருக்கு உண்டு. அதற்கான காரணத்தைச் சொல்லும் கடமையும் உண்டு. முதலாவதை மட்டும் அவர் பயன்படுத்திக்கொண்டார்.

சுத்தமாக அடித்த பந்து சுழலாது என்கிறாரே, அவர் கால்ஃப் மட்டை ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்த்தாரா? டிரைவரின் முகமே சுமார் பத்துப் பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது. அயர்ன், வெட்ஜ் வகை மட்டைகள் இன்னும் அதிகமாகச் சாய்ந்திருக்கும். சாய்ந்த முகம் முன்னோக்கி வந்து மோதும்போது, அரை மில்லி விநாடி நேரத்துக்குப் பந்து அதன்மேல் நசுங்கி, உரசி, மேல்நோக்கி ஊர்ந்து கிளம்புகிறது. பின்சுழற்சி அங்கேயே பிறந்துவிடுகிறது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், தன் வாழ்நாளின் மிகச் சுத்தமான அடியை அடித்தாலும் பந்து நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் சுற்றாவது சுழன்றுதான் போகும். அது தண்டனை என்றால், அந்த ஆட்டத்தில் தண்டிக்கப்படாதவர் எவருமில்லை.

முன்சுழற்சி விவகாரம் இன்னும் வேடிக்கை. வலக்கை ஆட்டக்காரரின் பந்து இலேசாக இடப்பக்கம் வளையும் டிரா அடி கூடுதல் தூரம் போவதைப் பார்த்து, பந்து முன்னோக்கிச் சுழல்வதால்தான் அப்படி என்று முடிவு கட்டியிருக்கிறார். முன்சுழற்சி இருந்தால் மேலே சொன்ன அத்தனையும் தலைகீழாகும். காற்று பந்தைக் கீழே அமுக்கும். டென்னிஸில் டாப்ஸ்பின் அடி சட்டென்று தரைக்குள் இறங்குவதை அவர் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பார். டிரா அடியிலும் பந்து பின்சுழற்சியோடுதான் பறக்கிறது. மட்டை முகம் சற்று மூடிக்கொண்டு மோதுவதால் சாய்மானம் குறைந்து, பின்சுழற்சியின் அளவு குறைகிறது. பந்து தாழ்வாகப் போய், விழுந்தபின் அதிகம் உருள்கிறது. அவ்வளவுதான் அந்த இரகசியம்.

பக்கவாட்டில் வளைவதற்கென்று ஒரு சுழற்சி, மேலே எழுவதற்கென்று ஒரு சுழற்சி என்று பந்து இரண்டு கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பந்து ஒரே ஒரு அச்சைச் சுற்றித்தான் சுழல்கிறது. அச்சு தரைக்கு இணையாக இருந்தால் தூக்குவிசை நேர் மேலே. பந்து நேராகப் போகும். அச்சு வலப்பக்கம் சாய்ந்தால் அதே விசையின் ஒரு பகுதி வலப்பக்கம் திரும்பிவிடும்; அதற்கு ஸ்லைஸ் என்று பெயர். இடப்பக்கம் சாய்ந்தால் ஹூக். அதாவது கட்டுரையாளர் சபிக்கும் விசையும், அவருடைய பந்தை 200 மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்ச் சேர்க்கும் விசையும் ஒன்றே. டெய்ட் இதைச் சொன்னபோது அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலர் புண்பட்டார்கள். தங்கள் மகத்தான டிரைவும் கற்றுக்குட்டியின் கோணல் அடியும் ஒரே காரணத்தால் விளைகின்றன என்பதை அவர்களால் சகிக்க முடியவில்லை. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்தும் அதே புண்ணைத் தடவிக்கொண்டு ஒருவர் கட்டுரை எழுதுவார் என்று டெய்ட் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

கட்டுரையில் பதில் சொல்லத் தகுதியுள்ள கேள்வி ஒன்றே ஒன்றுதான். சுழற்சிதான் தூரம் தருகிறதென்றால், மிக அதிகமாகச் சுழலும் வெட்ஜ் பந்து ஏன் மிகக் குறைந்த தூரம் போகிறது? நல்ல கேள்வி. பதிலைத் தேடாமலே வெற்றி முழக்கம் செய்ததுதான் கோளாறு. அதே தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிட்சிங் வெட்ஜ் பந்து நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. கிளம்பும் வேகமோ விநாடிக்குச் சுமார் 46 மீட்டர். தூக்குவிசை, வேகம், இழுவை மூன்றும் ஒன்றையொன்று பிணைத்தவை. தூக்குவிசை இலவசமாகக் கிடைப்பதில்லை. சுழற்சி கூடக் கூட இழுவையும் கூடும். அளவுக்கு மீறிப் பின்சுழற்சி கொடுத்த டிரைவர் பந்து உயர எழும்பி, முன்னே போகும் வேகத்தை இழந்து, செங்குத்தாக விழுந்துவிடும். அளவு குறைந்தால் தாங்கல் இல்லாமல் முன்கூட்டியே இறங்கிவிடும். நடுவில் ஓர் உகந்த அளவு இருக்கிறது. அதைத் தேடித்தான் ஆட்டக்காரர்கள் ராடார் கருவியின் முன் மணிக்கணக்கில் நிற்கிறார்கள்.

வெட்ஜின் வேலை தூரம் கடப்பதே இல்லை. டிரைவர் பந்து சுமார் 38 பாகைக் கோணத்தில் தரையிறங்குகிறது. வெட்ஜ் பந்து 50 பாகைக்கு மேல். செங்குத்தாக இறங்கி, பின்சுழற்சியால் கிரீன் புல்தரையைக் கவ்விப் பிடித்து நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனை சுழற்சி. டிரைவருக்குக் குறைந்த சுழற்சியும் வெட்ஜுக்கு அதிகச் சுழற்சியும் ஒரே பந்தில் கிடைக்க வேண்டும் என்பதே பந்து செய்பவர்களின் நெடுநாள் தலைவலி. கெட்டியான உட்கருவின் மேல் மெல்லிய யூரித்தேன் உறை போர்த்திய பந்துகள் 2000இல் தொழில்முறை ஆட்டத்துக்குள் வந்ததும், நூல் சுற்றிய பழைய பந்துகள் மிகச் சில ஆண்டுகளில் காணாமல் போயின. டைட்டிலிஸ்ட் புரோ வி1 அந்த ஆண்டு அக்டோபரில் அறிமுகமானது. சுழற்சி பொருட்டே இல்லையென்றால், உலகின் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் பந்தை மாற்றியது எதற்காக?

குழிகளுக்கு வருவோம். 1848 வாக்கில் குட்டா பெர்ச்சா மரப்பாலில் செய்த பந்துகள் வந்தபோது அவை வழவழப்பாகத்தான் இருந்தன, மோசமாகவும் பறந்தன. அடிபட்டு, கீறல் விழுந்த பழைய பந்துகள் புதியவற்றைவிட நன்றாகப் பறப்பதை ஆட்டக்காரர்கள்தான் கவனித்தார்கள். அதன்பிறகே செய்பவர்கள் புதுப்பந்தைச் சுத்தியலால் கொத்தி விற்கத் தொடங்கினார்கள். குழிப்பந்துக்கு இங்கிலாந்தின் வில்லியம் டெய்லர் காப்புரிமை கோரியது 1905இல். விளம்பரக் கம்பெனி எதுவும் இந்த வரிசையில் முதலில் வரவில்லை. குழிகள் பந்தை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தைக் கலக்கிவிடுகின்றன. கலங்கிய படலம் பந்தின் முதுகைப் பற்றிக்கொண்டு இன்னும் பின்னே வரை வருகிறது. பந்தின் பின்னால் உண்டாகும் வெற்றுச்சுழல் குறுகுகிறது. இழுவை ஏறக்குறைய பாதியாகிறது. சுழற்சி உண்டாக்கும் தூக்குவிசை ஒழுங்காகக் கிடைப்பதும் இந்தக் குழிகளால்தான். வழவழப்பான பந்தை அதே வலிமையோடு அடித்தால் ஏறக்குறைய பாதித் தூரம்தான் போகும். புஜபலம் எங்கே போயிற்று?

விதிகளை எழுதுகிறவர்களுக்கும் இது தெரியும். 1970களில் போலாரா என்றொரு பந்து வந்தது. குழிகளை எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் வைக்காமல், ஸ்லைஸும் ஹூக்கும் குறையும்படி அதன் மேற்பரப்பை வடிவமைத்திருந்தார்கள். அமெரிக்க கால்ஃப் சங்கம் பதறிப்போய், எந்தப் பக்கம் வைத்து அடித்தாலும் பந்து ஒரே மாதிரி பறக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று. 2010இல் அயர்ன் முகத்தில் உள்ள வரிப்பள்ளங்களின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும் கட்டுப்பாடு வந்தது. புல்லுக்குள் கிடக்கும் பந்துக்குக் கூடுதல் சுழற்சி கிடைத்துவிடக் கூடாது என்பதே நோக்கம். ஆட்டக்காரரின் தசைக்கு வரம்பு விதித்த விதி எதுவும் இல்லை. சுழற்சிக்கு விதித்திருக்கிறார்கள்.

கடைசியாகக் கட்டுரையாளர் நிலவுக்கே போய்விடுகிறார். 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14 பயணத்தில் ஆலன் ஷெப்பர்ட் அடித்த பந்து, காற்றும் இல்லாமல் சுழற்சியின் தொல்லையும் இல்லாமல் மைல் கணக்கில் போயிற்றாம். மைல் கணக்கு என்பது ஷெப்பர்ட் அந்தக் கணத்தின் உற்சாகத்தில் சொன்னது. பின்னாளில் பழைய படச்சுருள்களைத் துல்லியமாக ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கணக்கின்படி முதல் பந்து 24 கெஜமும் இரண்டாவது 40 கெஜமும் போயிருக்கின்றன. விறைப்பான விண்ணுடையில், மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் சிக்ஸ் அயர்ன் தலையை மாட்டி, ஒற்றைக் கையால் அடித்தவருக்கு அதுவே சாதனை. பந்து ஸ்லைஸ் ஆனதுபோல் தெரிகிறதே என்று ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து கேலி செய்தார்கள். காற்றில்லாத இடத்தில் எந்தப் பந்தும் ஸ்லைஸ் ஆக முடியாது என்பதுதான் அந்தக் கேலியின் சுவை. கட்டுரையாளர் கேலியையும் விட்டுவிட்டார், பாடத்தையும் விட்டுவிட்டார்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஊட்டி வரை போனால் போதும். கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அங்கே காற்றின் அடர்த்தி சென்னையில் உள்ளதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இழுவையும் குறையும், தூக்குவிசையும் குறையும். மொத்தத்தில் பந்து சற்றுக் கூடுதலாகப் போகும். ஸ்லைஸும் ஹூக்கும் குறைவாக வளையும். அதே ஆள், அதே மட்டை, அதே பந்து. மாறியது காற்று மட்டும்.

ஃப்ரெடி டெய்ட் 1896இலும் 1898இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றார்; 1900 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கப் போரில் குண்டடிபட்டு முப்பது வயதில் இறந்தார். மகனை இழந்த தந்தை அடுத்த ஆண்டு இறந்தார். இருவரும் சேர்ந்து நமக்குத் தந்துவிட்டுப் போன அறிவை, ஒருவருக்கு எதிராக மற்றவரை நிறுத்திக் கேலிக் கதையாக்குவது அறியாமை மட்டுமில்லை, நன்றிகேடும்கூட.

ஆட்டம் பழகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தின் சுழற்சியை ஒழித்துக்கட்டச் சொல்லும் எந்த அறிவுரையையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சுழற்சி ஒழிந்தால் உங்கள் பந்து பறக்காது. மட்டை முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது, மட்டை எந்தப் பாதையில் வருகிறது என்ற இரண்டையும் சரிசெய்யுங்கள்; சுழற்சியின் அச்சு தானாக நேராகும். தூரத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.